பேச்சியம்மாளின் மாலாவுக்கு ஒரு மைண்ட் மேப்

போராட்டக்காரனின் தொழிலில் தொண்டை போனால் மெகாபோன் வாங்கிக்கொள்ளலாம். ஞாபகம் போனால் வாங்குவதற்குக் கடையில் ஒன்றும் கிடையாது என்றுதான் போன வருடம் வரை நினைத்திருந்தேன். நீங்களும் ஏதாவது குடியிருப்போர் குழுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் என்றால் இதற்கு விளக்கம் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நம்மைப் போன்றவர்களைப் பேச விடாமல் படிக்கட்டில் உட்கார வைத்த ஆபீஸ்கள் எத்தனை!

அரை மணி நேரப் பேச்சு

தாராவியில் எங்கள் கல்லி, அந்தக் குறுகல் சந்து முழுவதும், என் தலைக்குள் இருந்தது. எந்தக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், எந்தக் குடும்பம், அதன் மேலே தகரம் போட்டு எழுப்பிய மாடி அறையான மாலாவில் யார், எந்த வருடம் வந்தார்கள், எல்லாம் மனப்பாடம். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துப் பழகியவன் நான். பட்டியல் எழுதி வைப்பது குமாஸ்தா வேலை என்று ஓர் இளக்காரம்.

கல்லியை இடித்துக் கட்டுவதற்காக நடந்த சர்வேயில் பேச்சியம்மாளின் பெயருக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். லெதர் பை தைக்கிற பெண். கணவனோடும் இரண்டு மகள்களோடும் பதினெட்டு வருடமாக மாடசாமி கோலிக்கு மேலே இருக்கும் மாலாவில் குடியிருக்கிறாள். அந்த ‘இல்லை’ நின்றுவிட்டால் கல்லியில் எல்லாருக்கும் புது வீடு, அவளுக்கு மட்டும் நடுத்தெரு. மேல்முறையீட்டு விசாரணையில் நான் அரை மணி நேரம் பேசினேன். நகரத்தைக் கட்டிய உழைப்பாளிகளில் தொடங்கி மாடசாமி கோலிக்கு வந்தபோது அதன் நம்பர் மறந்துபோனது. மராத்திக்கார அதிகாரி பேனாவை மூடினார். மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: “பாஷண் நல்லா இருந்தது, காகா. அடுத்த தடவை ஒரே தாளில் எழுதிக் கொண்டு வாங்க.”

நடுவில் யார்?

கல்லி முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்விதான் மைண்ட் மேப் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நடுவில் ஒரு கட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் கிளைகள். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் திறந்த முதல் மென்பொருள், நடுக்கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்தைத் தரமாட்டேன் என்றது.

எங்கள் குழுவின் தலைவர் சுடலைமுத்து, தலைவர் பெயர்தான் நடுவில் வரவேண்டும் என்றார். “நீரு தலைவரு ஆனதே நான் வேண்டாம்னு சொன்னதுனாலதாம்வே” என்றேன். ‘போராட்டம்’ என்று எழுதச் சொன்னேன். மூன்று நாள் சாயங்காலம் இதிலேயே போனது. மகள்களின் பள்ளிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்த பேச்சியம்மாள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தாள்: “இது என் வீட்டுக்காவத்தானே அண்ணாச்சி? அப்பம் என் பேர எந்த மூலையில எழுதுவீங்க?”

மாட்டுங்கா ஆலோசனை

நடுக்கட்டத்தில் பேச்சியம்மாள் ஏறினாள். ஆனால் கொஞ்சம் கட்டங்கள் ஆனதும், மேற்கொண்டு வேண்டுமானால் சந்தா கட்டு என்று முதல் மென்பொருள் மடக்கிவிட்டது. இரண்டாவது, திரையில் ஒழுங்காகத் தமிழ் காட்டியது. தாளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மாட்டுங்காவில் இருக்கும் மணி சார் எங்களுக்கு மனு எழுதித் தருபவர், இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றவர். மராத்தியில் போட்டுவிடலாம் என்றார். என் மக்களின் கதையை என் மொழியில் சொல்லாமல் விடமாட்டேன் என்று நான் குதித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தமிழும் இருக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா தீர்ப்பு எழுதப்போறது அந்த ஆபீசர்னா, நீர் இல்லையே ஓய்!”

உலகம் பார்த்த கல்லி

மூன்றாவது மென்பொருளில் இரண்டு மொழியும் சரியாக வந்தன, கட்டத்துக்குக் கணக்கும் இல்லை என்பதால் கல்லி முழுவதையும் அதில் ஏற்றினோம். உற்சாகத்தில் செல்வியிடம் சொல்லி அந்த மேப்பின் லிங்கைக் கல்லியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வைத்தேன். யார் திறந்தாலும் தெரியும்படிதான் அது இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. யாருடைய ரேஷன் கார்டு எந்த நம்பர், யாரிடம் என்ன பேப்பர் இல்லை, எல்லாம் அதில் இருந்தன.

லாக்கப்பில் வைத்து மிரட்டியபோதுகூட ஒரு பெயர் சொல்லாதவன் நான். மறுநாள் காலை டீக்கடையில், வீடுகளை வளைத்துப்போட அலையும் ஏஜெண்ட் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான். செல்வியின் கடைக்கு ஓடிப்போய் அந்த மேப்பை அழிக்க வைத்தேன். அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “உங்க கல்லி மொத்தமும் இதுல இருக்கு அண்ணாச்சி. ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க.”

குறுக்கே போன கோடு

நான்காவது, செல்வியின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பது, இன்டர்நெட் வேண்டாம். அதில் இன்னொரு வசதி, ஒரு கிளையில் இருக்கும் கட்டத்தை வேறு கிளையின் கட்டத்தோடு புள்ளிக்கோட்டால் இணைக்கலாம். பேச்சியம்மாளுக்கு ஒரு பக்கம் எங்கள் கல்லி, மாடசாமி கோலி, மாலா என்று போட்டோம். மறுபக்கம் அவளுடைய ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், சான்றிதழ். இவை எல்லாவற்றிலும் பக்கத்துக் கல்லியின் விலாசம் இருந்தது. குமாஸ்தாக்களின் கவனக்குறைவு என்று பல வருடமாக நான் திட்டிவந்த விஷயம். செல்வி அந்த விலாசத்திலிருந்து மாலாவுக்கு ஒரு புள்ளிக்கோடு இழுத்தாள். அது தாளின் குறுக்கே அசிங்கமாக ஓடியது. “அழி, ஆபீசர் குழம்பிடுவாரு” என்றேன்.

சுவரில் ஒட்டிய தாளைப் பேச்சியம்மாள் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கோட்டில் விரல் நின்றது. பதினெட்டு வருடமாக மாடசாமி கோலி வாசலில் நின்று நான் குரல் கொடுப்பேன், அவள் மேலே ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள், பேச்சு முடிந்துவிடும். ஒரு தடவைகூட நான் மேலே ஏறியதில்லை. சர்வேக்காரர்களும் என்னைப் போலத்தான். எங்கள் கல்லியில் அவளுக்கு வாசல் இல்லை என்று போய்விட்டார்கள். பக்கத்துக் கல்லியில், அவள் கார்டில் இருந்த நம்பரில், கீழ்வீட்டுக்காரர்களை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் சொன்னாள்: “அழிக்காதிங்க அண்ணாச்சி, கோடு சரிதான். எங்க ஏணி அந்தக் கல்லியிலல்லா எறங்குது!”

ஒரே தாள்

கொடுத்த தேதியில், விசாரணை நடக்கும் செம்பூர் ஆபீசில் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். தாளையும், ஏணியின் இரண்டு போட்டோவையும் மேஜையில் வைத்தேன். அதிகாரியின் பேனா புள்ளிக்கோட்டின் மேலேயே மெதுவாக நகர்ந்து மாலாவில் போய் நின்றது. பேச்சியம்மாளிடம் இரண்டு கேள்வி. பிறகு ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘தகுதி உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோஷம் போடாமல் எனக்குக் கண் கலங்கியது அன்றைக்குத்தான். “ஏணியை முதல்லயே சொல்லியிருந்தா அந்த பாஷண் எதுக்கு, காகா?” என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்று இவ்வளவு சுகமாக அடித்து நாளாகிவிட்டது. முன் சீட்டிலிருந்து பேச்சியம்மாள் திரும்பினாள். உத்தரவு இருந்த பையை இரண்டு கையாலும் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். “நாளைக்கு மேல ஏறி வாங்க அண்ணாச்சி, டீ போட்டுத் தாரேன். மூணாம் படி மட்டும் ஆடும், பாத்து கால வைங்க.”

ஆகவே, சக ஃபைல் தூக்கிகளே, எந்த மைண்ட் மேப் நல்லது என்று என்னைக் கேட்டால், குறுக்குக் கோடு போட விடுகிற எதுவானாலும் சரி, ஆனால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஏணி ஏறிப் பார்த்துவிடுங்கள்.