ரமா அம்மாவின் ஸ்டைல்

பதினோரு வருஷமாகச் சமையலறை பொருத்துகிறேன். ரமா அம்மா வீட்டில் பொருத்தியதைப் போல இன்னொன்று பொருத்தியதில்லை. தரையிலிருந்து கூரை வரை கருப்பு. பளபளக்கிற கருப்பு இல்லை, மங்கின மேட் கருப்பு. கைப்பிடி ஒன்றுகூடக் கிடையாது. கதவின் ஓரத்தில் விரலால் அழுத்தினால் ‘டக்’ என்று திறந்துகொள்ளும். மேடைமேல் ஒரு கரண்டி கண்ணில் படாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த அழகுக்கு என் வாய்க்கொழுப்புதான் காரணம், அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

என் பெயர் விஜய்குமார். ஊர் கோலார் தங்கவயல். பொம்மசந்திராவில் மாடுலர் கிச்சன் செய்யும் கம்பெனியில் அளவெடுத்துப் பொருத்தும் வேலை. ரமா அம்மாவின் வீடு ராஜாஜி நகரில், ஒரு பெரிய அபார்ட்மென்ட்டின் ஏழாவது மாடி. மாமியார் காலமான பிறகு பழைய வீட்டை விற்றுவிட்டு வாங்கியது. கணவர் சீனிவாசராகவன் மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைத் தவிர அந்த மனிதர் வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. ரத்தத்தில் கொழுப்பு அதிகமாம், வாய்க்கு ருசியாக எதையும் தரக்கூடாது என்று டாக்டர் உத்தரவு.

முதல் நாள் எங்கள் டிசைனர் அதிதியோடு போனேன். அதிதி டேப்லெட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

“ஆன்ட்டி, மொதல்ல உங்க பர்சனல் ஸ்டைல் என்னன்னு கண்டுபிடிக்கணும். எதைப் பார்த்தா ‘இது என் வீடு’ன்னு தோணுது?”

“எனக்கென்னடி ஸ்டைல்?” என்றார் ரமா அம்மா. “முப்பத்தொரு வருஷம் மாமியார் ஆத்துல இருந்தேன். அவர் அடுப்பு, அவர் டப்பா, அவர் சாவிக்கொத்து. எனக்குன்னு ஒரு ஸ்பூன் வாங்கினதில்லை. சக்கரை டப்பாவை மூடறச்சே சக்கரை மேல விரலால ஒரு கோடு இழுத்து வெச்சுட்டுப் போவார். கோடு கலைஞ்சிருந்தா நான்தான் திருடி.”

தலை தீபாவளிக்கு அடுத்த வருஷத் தீபாவளியில், பாயசத்துக்கு வைத்திருந்த முந்திரி பாதி காணாமல் போனதாம். வந்திருந்த விருந்தாளிகள் பன்னிரண்டு பேருக்கு நடுவில் மாமியார் இவரைக் கூப்பிட்டு, “வாயைத் திற” என்றாராம்.

“திறந்து காமிச்சேன். ஆன்னு. மாட்டுக்குப் பல் பாக்கற மாதிரி பாத்தார். இவர் அங்கேதான் உக்காந்திருந்தார், பேப்பர் படிச்சுண்டு. ஒரு வார்த்தை பேசலை.”

கண்ணில் தண்ணீர் தளும்பியது. அதிதி டிஷ்யூ கொடுத்தாள். ஹாலில் சீனிவாசராகவன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

அப்புறம் ரமா அம்மா ஒரு கருப்புச் சமையலறைப் படத்தில் விரல் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “கருப்பு மேட் வேணாம்மா. கை பட்டா அச்சு அப்படியே விழும். பாக்கறவங்களுக்கு யாரு எங்க தொட்டாங்கன்னு பளிச்சுனு தெரியும்” என்றேன். பெரிய நியாயஸ்தன்!

“விழுமா?” என்று நிமிர்ந்தார்.

மாதிரிப் பலகையை எடுத்து என் பெருவிரலை அழுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் முன்புதான் மசால்வடை தின்றிருந்தேன். பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என் ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது. அந்த முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் கல்யாணப் பெண்களிடம்கூடப் பார்த்ததில்லை.

“இதுதான் அதிதி. இதுதான் என் ஸ்டைல்.”

அதிதி டேப்லெட்டில் ‘டார்க், மினிமல்’ என்று எழுதிக்கொண்டாள்.

வேலை முடிகிற சமயம் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டார். என் அம்மாவின் தங்கை, சின்னத்தாய் சித்தியை நானே கூட்டிப்போய் விட்டேன். சித்தி ஒக்கலிபுரத்தில் இருக்கிறாள். சித்தப்பா இல்லை. இருபத்தாறு வருஷம் பாத்திரம் தேய்த்ததில் அவள் விரல்களில் ரேகை என்பதே அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் மாசாமாசம் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள், எதுவும் ஏறாது. அபார்ட்மென்ட் கேட்டில் வேலைக்காரர்களுக்கு விரல் மெஷின் வைத்திருந்தார்கள். அங்கேயும் அதே கதைதான். “ஏனம்மா, நின்கெ பெரளே இல்வா?” என்று வாட்ச்மேன் தினமும் கன்னடத்தில் கேலி செய்வான், உனக்கு விரலே இல்லையா என்று.

இதைச் சரிசெய்ததும் ரமா அம்மாதான், பொய் சொல்லக்கூடாது. ‘சின்னத்தாய்க்கு விரல் ரேகை கிடையாது, மெஷின் வேண்டாம், நம்பர் கொடுங்கள், நான் பொறுப்பு’ என்று அசோசியேஷனுக்குக் கைப்பட லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நம்பர் கிடைத்த பிறகு சித்தி அதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடு பிடித்தாள். வீட்டுக்காரர்களும் வாட்ச்மேனும் பார்க்கிற கேட் ஆப்பில் யாராவது ‘திருட்டு’ என்று ஒரு வார்த்தை போட்டால் நம்பர் அன்றைக்கே போய்விடும், நாலு வீடும் போய்விடும். சித்தியின் சோறு அந்த நம்பரில் இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது ரமா அம்மாவின் ராஜ்ஜியம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பால்கனி வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழும். அப்போது குனிந்து, கன்னத்தைக் கதவோடு ஒட்டவைத்து, ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போவார். மளிகை வைக்கிற உயரமான அலமாரியைச் சித்தி தொடவே கூடாது. பத்து பார்க்கணும், தீட்டுப் படக்கூடாது என்று அதற்கு ஆயிரம் காரணம். மற்ற டிராயர்களை முழங்கையால்தான் திறக்கவேண்டும். நாற்பத்தொன்பது வயசுப் பொம்பளை கோழி இறக்கை அடிப்பதுபோல முழங்கையால் டிராயர் திறந்துகொண்டிருந்தாள், கேட்டால் சிரிப்பாள்.

“இது என்னது, ரேகை இருக்கு. இது உன்னது, வழுவழுன்னு இருக்கு” என்று ரமா அம்மா இனம் பிரித்துச் சொல்லுவாராம். வழுவழு அச்சு ஒன்று அகப்பட்டால் போதும், சித்தி எந்த மாடியில் இருந்தாலும் போன் வரும். ஒரு நாள் கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாப் வரை போனவளைத் திரும்ப வரவழைத்து, ஒரே ஒரு அச்சைத் துடைக்கவைத்து அனுப்பினார்.

“வுட்ரலாமே சித்தி அந்த வீட்டை” என்றேன்.

“அந்தம்மாதானடா லெட்டர் குடுத்துச்சி” என்றாள் சித்தி. “மாமியார்கிட்ட ரொம்ப பட்டுகீது பாவம்.”

ஆறு மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை போன் வந்தது. “விஜய், உடனே வா. உன் சித்தி திருடிட்டா.”

போனேன். அந்த உயரமான அலமாரிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவல் வைத்திருந்தார் ரமா அம்மா. முந்திரி டப்பா பாதி காலி. கதவின் ஓரத்தில் ஒரு விரல் அச்சு, அன்றைக்கு வெயில் இல்லாததால் மங்கலாகத்தான் தெரிந்தது. சித்தி சிங்க் பக்கத்தில் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். சீனிவாசராகவன் ஹாலில் பேப்பரோடு இருந்தார்.

“நான் தொடலமா. அந்தக் கதவாண்ட நான் போறதே இல்லமா” என்றாள் சித்தி.

“வாயைத் திற” என்றார் ரமா அம்மா.

சித்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திறந்தாள். கடைவாய்ப்பல் இரண்டு இல்லை. ரமா அம்மா மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தார். ஹாலில் பேப்பரின் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

அக்கா பையன் எதிரில் வாயைத் திறந்து நிற்கிறாள் என்கிற ஆத்திரத்தில் நான் செல்போன் டார்ச்சைப் போட்டு அந்த அச்சின்மேல் அடித்தேன். சுழி சுழியாக ரேகை. அகலமான விரல்.

“அம்மா, இதுல ரேகை கீதுமா. எங்க சித்திக்கு ரேகையே கிடையாது. நீங்கதான லெட்டர் எழுதிக் குடுத்தீங்க?”

ரமா அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். பக்கத்திலேயே தன் பெருவிரலை அழுத்தி, இரண்டையும் பார்த்தார். அவருடையது சின்னது, ஒல்லி. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஏன்னா” என்று ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டார். பேப்பர் இறங்கவில்லை. “அன்னிக்கும் நீங்கதானா? அந்த தீபாவளிக்கும்?”



“காபி கலந்தாச்சா?” என்றார் சீனிவாசராகவன்.

முட்டாள், நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இப்போது இந்தம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழப்போகிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் திருடிப் பட்டத்தைச் சுமந்தவர், சுமக்கவிட்டவனோடு படுத்து எழுந்தவர், வலி தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. உதடு துடித்தது. அதற்கப்புறம் மெதுவாகக் குனிந்து, கீழ் டிராயரை அழுத்தித் திறந்து, மெத்தென்ற துணியை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார்.

“துடை.”

சித்தி வாங்கிக்கொண்டாள். நீட்டியதை வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

“அம்மா, அது…” என்று ஆரம்பித்தேன்.

“விஜய்” என்றார் ரமா அம்மா, ரொம்பச் சாதாரணமாக. “எட்டாவது மாடி ஸ்வர்ணா நாலரைக்குக் கிச்சன் பாக்க வரா. அவளும் உன்னைத்தான் வேணும்கறா. உன்னைப் பத்தி நல்லபடியா சொல்லி வெச்சிருக்கேன்.”

போன் என் கையில்தான் இருந்தது. டார்ச் எரிந்துகொண்டிருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்த அச்சைப் படம் எடுத்திருக்கலாம். அசோசியேஷனில் காட்டியிருக்கலாம். இல்லை, “சித்தி, துடைக்காத” என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் டார்ச்சை அணைத்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

சித்தி துடைத்தாள். சொல்லிக்கொடுத்தபடி, மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக, அழுத்தாமல். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“போயிடுச்சாமா? எனக்கு இந்தக் கருப்புல சரியாத் தெர்ல.”

ரமா அம்மா குனிந்து பார்த்தார். “போயிடுத்து. சுத்தமா போயிடுத்து.” செல்போனை எடுத்துக்கொண்டே சொன்னார், “நாளைலேருந்து வராதே.”

நாங்கள் லிஃப்டில் இறங்கி கேட்டுக்குப் போவதற்குள் வாட்ச்மேனின் போனில், கேட் ஆப்பில், சித்தியின் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மெசேஜ், ஐந்தாம் மாடியிலிருந்து ஒன்று, பதினோராம் மாடியிலிருந்து ஒன்று, சித்தி இனிமேல் வரவேண்டாம் என்று. வாட்ச்மேன் அன்றைக்குக் கேலி பேசவில்லை. சித்தியின் பையை வாங்கி உதறிச் சோதித்தான். ஒரு தூக்குச்சட்டியும் மாற்றுப்புடவையும் விழுந்தன.

ஆட்டோ பிடிக்கப் போனேன். சித்தி தடுத்தாள்.

“நான் நடந்து பூடறேன். நீ மேல போடா விஜி. நாலரைக்கு யாரோ வராங்கன்னு சொன்னாங்களே. என்னால உன் பொழப்பும் கெட்டுறப் போவுது.”

போனேன். மனுஷனாக இருந்தால் போயிருப்பேனா? ஸ்வர்ணா மேடம் கருப்புக் கதவுகளை ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமா அம்மா தட்டில் முந்திரி வறுத்து வைத்திருந்தார். சீனிவாசராகவன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“விஜய், கருப்புல கை பட்டா தெரியுமாமே? நிஜமா?” என்று ஸ்வர்ணா மேடம் கேட்டார்.

ரமா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் மேடம்” என்றேன். “ஆனா துடைச்சா போயிடும்.”

அவரும் கருப்பே சொல்லிவிட்டார். அளவு எடுக்க நோட்டைத் திறந்தேன்.