சலிப்பு அண்ணாச்சி கிளம்பிப் போனார்

போன ஞாயிறு மத்தியானம். குகைக்குள் ஆறாவது கதவு. பூட்டியிருக்கிறது. பூட்டு திறக்கத்தான் நம்ம ஆள் இருக்கிறாரே என்று மவுஸை நகர்த்துகிறேன்... ஆளைக் காணோம்.

ஐந்து முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன.

கம்ப்யூட்டர் கேம்தான். இருபது வருஷத்துக்கு மேல் பழசு. படம் மங்கல், சண்டை நிதானம். ஆனால் கதை விடாது. நீங்கள்தான் நாயகன். ஐந்து துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஐந்து பேருக்கும் ஐந்து குணம். கோபப்படுவார்கள், ஒருவரையொருவர் சீண்டுவார்கள், நம்மைப் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போயே விடுவார்கள். (‘இந்த வயசில் கேமா தம்பி?’ என்று கேட்ட வாசகர் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.)

காணாமல் போனவர் பூட்டு திறப்பதில் கைதேர்ந்த ஒரு வயதான திருடர். வாயைத் திறந்தால் புலம்பல். வெயில், மழை, நடை, சோறு... எல்லாவற்றிலும் குறை. ‘சலிப்பு அண்ணாச்சி’ என்று பெயர் வைத்தவன் சலீம்.

சலீம் என் பாலிடெக்னிக் சிநேகிதன். கடையநல்லூர்க்காரன். அவன் மாமா துபாயிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அவன் வீட்டில் இருந்தது. ஞாயிறுதோறும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிவிடுவேன். ஒரே கேம், ஒரே மவுஸ், மாறி மாறி ஆடுவோம். அண்ணாச்சி ஆங்கிலத்தில் முனகுவார். சலீம் உடனே நம்ம பாஷையில் சொல்லுவான்: “‘நடந்து நடந்து என் காலு தேஞ்சு போச்சு, எவனாவது திரும்பிப் பாத்தீங்களாலே?’”

எனக்குப் பிடித்தது போர்வீரன். எதைச் சொன்னாலும் ‘உங்கள் விருப்பம்’ என்பான். ஒருநாள் டிராகன் சண்டை நடுவே, அதே மரியாதையோடு விலகிப் போய்விட்டான். சலீம் தரையில் உருண்டு சிரித்தான்.

“பாத்தியாலே ஒன் மரியாதைக்காரன? கொற சொல்லுதவன் கூடவே கெடப்பான். எப்ப அவன் ‘சரி’ன்னு சொல்லுதானோ, அப்பதாம்ல பயப்படணும்.”

சரி, அப்படிக் கூடவே கிடக்க வேண்டிய அண்ணாச்சி ஏன் போனார்?

திரையின் அடியில், யார் என்ன பேசினார்கள் என்று பொடி எழுத்தில் ஓடும். பின்னால் தள்ளிப் படித்தேன். ‘எனக்கு ஓய்வு வேண்டும்.’ அப்புறம், ‘நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.’ கடைசியாக ஒரு வரி... ‘நீங்கள் சொன்னால் சரி.’

அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் கேட்கவில்லை. ஆபீஸ் ஆன்லைன் மீட்டிங் நடக்கும்போதும் ஓரமாக ஆடுவது என் வழக்கம் (மேனேஜர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). புலம்பல் தொந்தரவாக இருக்கிறதே என்று பேச்சுச் சத்தத்தை மட்டும் ஆஃப் செய்து வைத்திருந்தேன். ஏழு வாரமாக.

அப்போதுதான் உறைத்தது. சலீம் கடைசியாக எப்போது புலம்பினான்?

சலீம் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறான். தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். ஒவ்வொன்றும் நாலு நிமிஷம், முழுக்கக் குறை. சாயந்திரம் கேட்போம் என்று தள்ளிவைப்பேன். சாயந்திரம் நாளைக்கு ஆகும்.

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். கேட்காதவை பதினான்கு. கடைசியாக வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். ரூம் ஏசி சொட்டுகிறது. மெஸ்காரர் சாம்பாரில் சீனி போடுகிறார். பன்னிரண்டாவதில் குரல் மாறியிருந்தது: “மக்கா, இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போடச் சொல்லுதாங்க. எனக்கு ஊருக்கு வந்துரலாம்னு இருக்கு. நீ என்ன சொல்லுத?” பதின்மூன்றாவது: “வியாழக்கெழம கடைசி நாளாம்ல.” பதினான்காவது நாலே விநாடி: “சரி மக்கா. நீ பிஸி போல.”

உடனே கூப்பிட்டேன். எடுத்தான்.

“எப்படியிருக்கலே?”

“நல்லாருக்கேன்.”

“சாப்பாடுலாம்?”

“நல்லாருக்கு.”

சலீம் சாப்பாடு நல்லாயிருக்கிறது என்கிறான்.

“கையெழுத்து...?”

“போட்டாச்சு. ரெண்டு வருசம்.”

“ஒரு வார்த்த...” என்று ஆரம்பித்தேன்.

“கேட்டேம்லா” என்றான். கோபமே இல்லாமல்.

வாய்க்கு வந்தது இதுதான்: “நம்ம சலிப்பு அண்ணாச்சி போய்ட்டாரு மக்கா.”

“எங்க?”

“தெரியல. நான் சத்தத்த ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்.”

“எத்தன நாளா?”

அவன் கேமைப் பற்றிக் கேட்கவில்லை என்று புரிந்தது. “ரொம்ப நாளா” என்றேன். “இன்னைக்குத்தான் எல்லாத்தையும் கேட்டேன். தப்புதாம்ல.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அந்த மெஸ்காரரு இன்னும் சீனி போடுதாரா?” என்றேன்.

“சீனியா? நேத்து ரசத்துலயும் போட்டுட்டாருலே. கேட்டா, ஒடம்புக்கு நல்லதுங்காரு...”

முப்பத்தெட்டு நிமிஷம். அந்தக் குறைகளை எல்லாம் அவ்வளவு நிம்மதியாக நான் இதற்குமுன் கேட்டதில்லை. நம்மிடம் புலம்புகிறவர்கள் நம்மிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு தீர்ந்த அன்றைக்குத்தான் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள், இல்லையா?

ஆனாலும் கையெழுத்து போட்டது போட்டதுதான். கேமில் சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஆடுவதுபோல ரெண்டு வருசத்தை மாற்ற முடியாது.

அண்ணாச்சி விஷயத்தில் மட்டும் ஒரு வழி இருக்கிறதாம். சலீம்தான் சொன்னான். கோபித்துக்கொண்டு போகிறவர்கள், முதன்முதலில் நம்மோடு சேர்ந்த ஊர்ச் சத்திரத்துக்கே போய்விடுவார்கள். போய்க் கூப்பிட்டுப் பார்க்கலாம். வந்தாலும் வரலாம்.

வெள்ளிக்கிழமை சலீமுக்கு லீவு. என் திரையை அவன் போனில் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ரெண்டு பேருமாகச் சத்திரத்துக்குப் போகப் போகிறோம்.

அலமாரியிலிருந்து பழைய ஸ்பீக்கரை இப்போதே இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன்.