பிலோமினாவின் ஆறு படங்கள்

கலைச்செல்விக்கு வீட்டில் பெயர் பிலோமினா. செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இருபது வருஷமாக அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஞானஸ்நானப் பெயர் மாதா கோயில் பதிவேட்டோடு சரி. சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்த இடஒதுக்கீட்டுச் சலுகை போய்விடும், அதில் கிடைத்த வேலையும் போய்விடும். சாமியை மாற்றிக்கொண்டால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். ஊரில் போயிருக்கிறதா என்று எவனும் வந்து பார்த்ததில்லை.

சாம்பல் புதன் அன்று காலைப் பூசைக்குப் போவாள். சாமியார் நெற்றியில் பூசிய சாம்பலைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் துடைத்துவிட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்வாள். ஒரு வருஷம் அவளோடு வந்த அம்மா மீனம்பாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா பண்றது, ஸ்கூல்ல கேப்பாங்க" என்றாள் மகள்.

"நல்லா தொடைச்சிக்கோ. ஓரத்துல இன்னும் இருக்குது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். பெட்டியும் சிலுவையும் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று, காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு அடக்கம் செய்தாள். பெற்றவள் செத்ததைச் சொல்லி அழ அங்கே ஓர் ஆள் இல்லை. அதனால்தான் வரைய உட்கார்ந்தாள்.

ஆறு படங்கள். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் இரவல் வெள்ளைக் கவுனில் ஒரு சிறுமி. கோயிலுக்குள் ஓர் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருக்கும் சேரி ஜனம். ஒழுகும் கூரைக்குக் கீழே குடும்ப செபமாலை. இப்படியே போய், கடைசிப் படத்தில் அம்மா. நாற்று முடியோடு வரப்பில் நின்று, கோயில் மணி கேட்டுச் சேற்றுக் கையால் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

ஓவிய ஆசிரியர்கள் சேர்ந்து செஞ்சியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தபோது, ஆறையும் கொண்டுபோய் மாட்டினாள். யார் கேட்டாலும் 'இது நான், இது எங்கம்மா' என்று சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தாள். அம்மாவிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை இப்படியாவது கேட்டுவிடலாமே.

தலைமையாசிரியர் கலியபெருமாள் வந்தார். நல்ல மனிதர். வெள்ளைக் கவுன் படத்தின் முன் நின்றார்.

"உங்க ஜாடையா இருக்குதே டீச்சர். யார் இந்தப் பொண்ணு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சார். கூடப் படிச்சுது."

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வாய்தான். இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசிப் படத்துக்கு வந்தவர் வெகுநேரம் நகரவில்லை.

"இந்த அம்மா?"

"அந்தப் பொண்ணோட அம்மா சார்."

"ரொம்பப் பாசமா வரைஞ்சிருக்கீங்க. இன்னும் இருக்காங்களா?"

"தெரியல சார்" என்றாள் கலைச்செல்வி.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவருடைய படங்களைப் பார்க்கப் போனார். படத்தின் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.