வெள்ளிப் பட்டை

இங்கிலாந்தின் துறைமுக ஊரான போர்ட்ஸீயில், தன் ஒற்றை அறை வீட்டில் ஜேபஸ் டிரிக்கெட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எகிப்துச் சண்டைப் பதக்கம் அவனுக்கும் உண்டு. ஆனால் அலெக்ஸாண்ட்ரியா துறைமுகச் சண்டையில் நின்றவர்களுக்கு மட்டும் தந்த, அந்த ஊர்ப் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டை அதன் ரிப்பனில் கிடையாது. அவன் கரி தள்ளிய 'மார்ட்லெட்' கப்பல், கொதிகலன் ஒழுகி வழியில் நின்று, பீரங்கிகள் ஓய்ந்த மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. வருஷங்கள் ஓடியும் பீர்க்கடையில் கேலி ஓயவில்லை.

"வாப்பா, கல்யாணத்துக்கு மறுநாள் வந்த மாப்பிள்ளைத் தோழா!" என்பான் பக்கத்து வீட்டு ஓபட் பாஸ்கோ. அவன் பதக்கத்தில் பட்டை இருந்தது. "கரிய என்ன, ஸ்பூன்லயா அள்ளிப் போட்டே?"

ஜேபஸும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடப்பான்.

துறைமுக இழுவைப் படகில் அவனுக்கு வேலை காத்திருந்தது. தினமும் வீட்டில் வந்து படுக்கலாம். அதே வாரம், மேற்கு ஆப்பிரிக்க ஆற்றுச் சண்டைக்குப் போகும் பீரங்கிப் படகுக்கும் ஆள் கேட்டார்கள். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும்.

"போனா ஒரு பட்டையாவது கிடைக்கும், திர்சா."

"காய்ச்சலும் கிடைக்கும்" என்றாள் அவன் மனைவி.

சனிக்கிழமை சந்தையில், பழைய பொத்தான்களுக்கு நடுவே யாருடையதோ ஓர் அலெக்ஸாண்ட்ரியா பட்டை கிடந்தது. திர்சா வாங்கி வந்து, பதக்கத்தின் ரிப்பனில் பொடித்தையலாகத் தைத்தாள். மறுநாள் காலை, பதக்கம் குத்திய சட்டையை எடுத்த ஜேபஸ் அப்படியே நின்றான்.

"இது ஏது?"

"போட்டுக்கோ. இனி எவன் வாயத் திறப்பான்?"

அவன் பதக்கத்தைத் திருப்பி விளிம்பைக் காட்டினான். "என் பேரோட கப்பல் பேரும் வெட்டியிருக்கு, பாரு. மார்ட்லெட் அன்னிக்கு எங்க கிடந்துச்சுன்னு இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியுமே, பைத்தியக்காரி."

திர்சாவின் முகம் சுருங்கியது. அவன் கத்தியால் தையலைப் பிரித்தான். பட்டை உள்ளங்கையில் விழுந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வாங்கினே?"

"சந்தையில. பொத்தான் கூடையில."

"இதுக்குச் சொந்தக்காரன் அங்க நின்னு சண்டை போட்டவன்" என்றான் மெதுவாக. "பொத்தான் கூடையிலயா?"

திங்கட்கிழமை அவன் இழுவைப் படகில் சேர்ந்தான். பாஸ்கோவின் கேலிக்கு வழக்கம்போலச் சிரித்தான். வீட்டில் நடப்பது மட்டும் நிற்கவில்லை.

பீரங்கிப் படகு கிளம்பிய நாளில், அதைக் கடலுக்கு இழுத்துப் போனது ஜேபஸின் படகுதான். துறைமுக வாயில் கல்சுவரைப் பிடித்து நின்ற திர்சாவுக்கு அவன் தெரியவில்லை. கீழே கொதிகலன் அடுப்பில் கரி தள்ளிக்கொண்டிருப்பான். புகை மட்டும் தெரிந்தது. வெளியே போய் வடத்தை அவிழ்த்த பிறகும் இழுவைப் படகு திரும்பாமல், பீரங்கிப் படகின் பக்கத்திலேயே கொஞ்சதூரம் ஓடியது. அப்படியும் செய்வார்களா என்று கேட்க அங்கே யாருமில்லை.

பிறகு புகை வளைந்தது. இவள் பக்கம் வரத் தொடங்கியது. திர்சா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.