அனுமதி வராத விமானமும் பதினேழு சாமிகளும்

ஜனவரி எட்டாம் தேதி காலை பத்து மணிக்குள் ஜீவராணி கொழும்பிலுள்ள விமான நிறுவன அலுவலகத்துக்கு ஆறு தடவை போன் எடுத்துவிட்டார். ஆறு தடவையும் ஒரே பதில்தான்.

"இன்னும் வரல மிஸ். வந்தா நாங்களே எடுப்போம்."

வர வேண்டியது ஒரு கடிதம். ஐயப்பன் சீசனில் திருச்சி விமானங்கள் நிரம்பி வழிந்ததால், அந்த நிறுவனம் நான்கு மேலதிக விமானங்களை அறிவித்திருந்தது. அறிவித்தால் போதாது. புறப்படும் நாடும் இறங்கும் நாடும் ஒப்புதல் தர வேண்டும். ஒரு பக்கம் தந்துவிட்டது. மறுபக்கம் இன்னும் தரவில்லை. முதல் விமானம் மறுநாள் காலை பதினொன்றரைக்கு. அதில் போக இருந்தவர்களில் பதினேழு பேர் ஹட்டன் சாமிகள். அந்தப் பதினேழு பேருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஜீவராணி.

அவருக்கு நாற்பத்தோரு வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழும்பில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். பிறகு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டருமாகச் சொந்தக் கடை போட்டார். டிக்கெட் விற்பதற்கான அனுமதிப்பத்திரத்தை வாங்க எத்தனை தடவை கொழும்புக்கு ரயில் ஏறினார் என்று அவருக்கே கணக்கில்லை. கடை திறந்த மறு வருடமே கொரோனா வந்து விமான நிலையத்தை மூடியது. அப்போதும் கடையைக் கைவிடவில்லை. கீழே செருப்புக் கடையில் நின்று செருப்பு விற்றுக்கொண்டு காத்திருந்தார்.

மீண்டும் கடை எழுந்தது சிவசாமியால். முப்பது வருடமாகச் சபரிமலைக்குப் போகும் குருசாமி அவர். "நம்ம புள்ள கடை இருக்கப்போ கொழும்புக்காரன்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று தன் குழுவைக் கூட்டி வந்தார். அவர் வந்ததைப் பார்த்துத்தான் பூண்டுலோயா, கினிகத்தேனைக் குழுக்களும் வந்தன. அவர் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

நவம்பரில் டிக்கெட் போட்டபோது ஜீவராணி ஒன்றைச் சொல்லவில்லை. டிக்கெட்டின் அடியில் ஒரு வரி இருந்தது: இந்தச் சேவை அரசாங்க ஒப்புதலுக்கு உட்பட்டது. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று நிறுவனத்தின் சுற்றறிக்கையும் வந்திருந்தது. ஆனால் இதற்கு முன் மூன்று சீசனிலும் ஒப்புதல் ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. வராமல் போகக்கூடும் என்று அவர் நினைக்கவே இல்லை.

வேறு பயணிகளென்றால் பிந்தினாலும் சமாளித்துக்கொள்வார்கள். சாமிகளுக்கு அது முடியாது. டிக்கெட் தேதியை வைத்துத்தான் கோயிலில் இருமுடி கட்டும் நேரத்தைக் குறிக்கிறார்கள். முடியைத் தலையில் ஏற்றி வாசலைத் தாண்டினால் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மலை ஏறித்தான் இறக்க வேண்டும். கோயில் கமிட்டி அச்சடித்த நோட்டீஸில் 'எட்டாம் தேதி மாலை நான்கு மணி கட்டு நிறைத்தல்' என்பதற்குக் கீழே விமானம் புறப்படும் நேரத்தையும் போட்டிருந்தார்கள்.

நான்கு மணிக்கு ஏழாவது தடவை போன் எடுத்தார். இந்த முறை யாரும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போனார்.

மண்டபத்தில் சரண கோஷம் காதை அடைத்தது. கறுப்பு வேட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டுத் தேங்காய்களில் நெய் ஊற்றியாகிவிட்டது. அரிசி போட வந்த சொந்தக்காரர்கள் கையில் தட்டோடு நின்றார்கள்.

"சாமி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் ஜீவராணி.

சிவசாமி நெய்ச் செம்பைக் கீழே வைக்கவில்லை. "என்னம்மா, நேரம் போகுது."

"நாளைக்கு ஃபிளைட்டுக்கு இந்தியாப் பக்கம் இன்னும் பர்மிஷன் வரல. வருமான்னு எனக்குத் தெரியல."

கோஷம் ஒவ்வொரு குரலாக அடங்கியது.

"டிக்கெட்ட காசு குடுத்து வாங்கியாச்சே. இப்ப என்ன பர்மிஷன்?" என்றார் சிவசாமி.

"விக்கலாம் சாமி. ஆனா பறக்கிறதுக்கு ரெண்டு கவர்மெண்டும் சரின்னு சொல்லணும். டிக்கெட்லயே போட்டிருக்கு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எப்பவும் வந்துரும்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து ஒருவர், "கொழும்புக்காரன்னா இன்னேரம் சட்டையப் புடிச்சிருப்போம். நம்ம புள்ளையாப் போச்சு" என்றார். இன்னொருவர், "ஏரோப்பிளேன கட்டி இழுத்துட்டுப் போவமா சாமி?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிவசாமி சிரிக்கவில்லை.

முதல் தடவை மாலை போட்ட கன்னிச்சாமி திலக்ஷன் மெதுவாகக் கேட்டான். தலவாக்கலையில் ஒரு கடையில் வேலை அவனுக்கு. "அக்கா, எனக்குப் பதிமூணு வரைக்குந்தான் லீவு. பிந்துமா?"

"தெரியல தம்பி" என்றார் ஜீவராணி. நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

சிவசாமி செம்பை வைத்தார். "நெய் ஊத்துனது கோயில்லயே இருக்கட்டும். இன்னைக்கி யாரும் முடி கட்ட வேணாம். வீட்டுக்குப் போயி விரதத்த விடாம இருங்க." பிறகு நெய்த் தேங்காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பதினொன்றரைக்கு விமானம் பறக்கவில்லை. பத்தாம் தேதி மதியம் போன் வந்தது. நான்கில் கடைசி இரண்டுக்கு மட்டும் ஒப்புதல். பன்னிரண்டாம் தேதி விமானத்தில் இடம் தருகிறோம், வராதவர்களுக்கு முழுத் தொகையும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மகரவிளக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பன்னிரண்டில் போய் பதின்மூன்றுக்குள் திரும்ப முடியாது. லீவு கிடைக்காத ஆறு பேர் நின்றுவிட்டார்கள். திலக்ஷன் அவர்களில் ஒருவன்.

"அவன் இடத்துக்கு பூண்டுலோயாச் சாமி ஒருத்தர் இருக்காரே, போட முடியாதா?" என்று சிவசாமி ஆளனுப்பிக் கேட்டார். பஸ் சீட் மாதிரி ஆள் மாற்ற முடியாது, டிக்கெட்டில் இருக்கும் பெயர்க்காரர்தான் போகலாம் என்று ஜீவராணி பதில் சொல்லி அனுப்பினார். தானே நேரில் போய்ச் சொல்லக் கால் வரவில்லை.

பதினோராம் தேதி மாலை பதினோரு பேர் முடி கட்டினார்கள். பஸ் கோயில் வாசலில் நின்றது. ஜீவராணி மழைக்குக் குடை பிடித்தபடி அதன் கதவோரம் நின்றார். திலக்ஷன் மாலையைக் கழற்றாமல் சாமிகளின் பைகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

முடி ஏந்தியவர்கள் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். கடைசியாக சிவசாமி வந்தார். குடைக்கு ஒரு முழத் தூரத்தில், நேரே பார்த்தபடி, வாய் திறக்காமல் ஏறிக்கொண்டார்.

அது வழக்கமா, கோபமா? ஜீவராணிக்குத் தெரியவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை கேட்கவும் முடியாது. பஸ் இறக்கத்தில் திரும்பி மறைந்ததும் போனை எடுத்து, நாளைய விமானம் நேரத்துக்குப் புறப்படுமா என்று கொழும்புக்கு அடித்தார்.