புள்ளியில்லாத பேர்

அறிவுமதிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அரியமங்கலத்தில் அவள் தெருவே சொல்லும். அந்த வாயால்தான் அவளுக்கு வேலையும் கிடைத்தது. விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, படம் வைத்து வரைய இரும்புச் சட்டம் ஒன்று தேவைப்பட்டு ராசப்பன் கிரில் பட்டறைக்குப் போனாள். சுவர் முழுக்கக் கேட் டிசைன் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே மயில். "இது மயிலா, கழுத்து சுளுக்கின கோழியாண்ணே?" என்று கேட்டுவிட்டாள். ராசப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாக்பீஸை எடுத்து அவள் கையில் திணித்து, "எங்க, நீ போடு பாப்போம்" என்றார்.

அன்றிலிருந்து காலேஜ் விட்டால் பட்டறைதான். கேட் என்ன அளவோ அதே அளவுக்குச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைய வேண்டும். அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துத்தான் கம்பியை வளைப்பார்கள். முதல் நாளே வசமாக மாட்டிக்கொண்டாள். ஒரு கொடி வரைந்து, பக்கத்தில் அழகாக ஓர் இலையைத் தனியே விட்டிருந்தாள். ராசப்பன் குனிந்து பார்த்தார். "இலையை எதுல ஒட்டுறது, காத்துலயா?" பட்டறையே சிரித்தது. தாளில் கோடு எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம். இரும்பில் ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டைத் தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. காலேஜில் இரண்டு வருஷமாக நிழல் அடித்து மழுப்பிய தப்பையெல்லாம் கம்பி ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிட்டது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு தாளில் வரைவது அவளுக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

தஞ்சாவூர் ரோட்டு ஓரத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டுத் தரையில் வெள்ளைக் கோடு இழுத்தால் ஊர் சும்மா விடுமா? "என்ன பாப்பா, மார்கழி வந்துருச்சா?" என்பார் ஒருவர். "கோலம் ஜோர், பூசணிப்பூ எங்க?" என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. இதே இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் டிசைனர் என்று சொல்லியிருப்பார்கள். அவள் திருப்பிக் கொடுத்த பதில்களை இங்கே எழுத முடியாது.

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் விக்டர் சாரைப் பொறுக்க முடியவில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு மார்க் போடுகிறவர் அவர். மற்றவர்கள் லோகோவும் பால் பாக்கெட்டும் செய்துகொண்டு வந்தபோது, அறிவுமதி தான் வரைந்த பதினொரு கேட்டுகளின் போட்டோக்களை வைத்தாள். சார் இரண்டு புரட்டுப் புரட்டினார்.

"கோலம் மாதிரி இருக்கும்மா. கோலத்துக்கு மார்க் போட முடியுமா? செஞ்சதும் வெல்டரு. இதுல உன் கையெழுத்து எங்க இருக்கு?"

"தரையில போட்டது அன்னைக்கே அழிஞ்சிரும் சார்."

"அப்ப உன்னுதுன்னு எப்படி நம்புறது? ரெண்டு வாரம் டைம். ஒரு லோகோ பண்ணிக் கொண்டா, பாஸ் போட்டுடறேன். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

லோகோவுக்கு அரை நாள் போதும். செய்து கொடுத்துவிட்டுப் போயேன்டி என்று தோழிகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அறிவுமதி கேட்கவில்லை. தன்னை மட்டம் தட்டியது போதாதென்று, தினம் காலையில் கையெடுக்காமல் சிக்குக் கோலம் இழுக்கிற அத்தனை பெண்களையும் அல்லவா மட்டம் தட்டிவிட்டார்? லோகோ கிடையாது, கேட்டிலேயே கையெழுத்துப் போடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்து வந்த ஆர்டர் ஸ்ரீரங்கம் கமலவல்லி மாமியுடையது. சாக்பீஸ் கோட்டைப் பார்க்க மாமியே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மேலே சங்கு சக்கரம் இருக்க வேண்டும், கீழே தெருநாய் நுழையக் கூடாது. அவருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். பழைய கேட்டுக்கு அடியில் புகுந்து வருகிற ஒரு செவலை நாய், வாசலில் படுத்துக்கொண்டு மாமியைப் பார்த்தே குரைக்கிறதாம்.

அவள் வரைந்திருந்ததில் கீழ்வரிசை முதலில் ராசப்பன் கண்ணில்தான் பட்டது. "என்னம்மா இது, அறிவுமதின்னு? கேட்டுல கடை பேரும் போன் நம்பரும்தான் வரும். தகட்டுல அடிச்சு நடுவுல வெச்சிருவோம். இதை அழி."

"கடை பேரு இருக்கட்டும்ண்ணே. வரைஞ்சவ பேரும் இருக்கட்டும்."

"அப்ப என் பேரையும் கம்பியிலயே போடேன்!"

"ராசப்பன்ல ரெண்டு புள்ளி இருக்கே. எதுல ஒட்டுவீங்க, காத்துலயா?"

அவள் பேரில் புள்ளி வைத்த எழுத்தே கிடையாது. ஐந்து எழுத்தும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, மேலும் கீழும் சட்டத்தைப் பிடித்து நின்றன. ஆனால் முதலாளி முதலாளிதான். "சொன்னா கேளும்மா, அழி" என்றார் மறுபடியும்.

ஈரத்துணியை எடுத்து அவளே அழித்தாள். கீழே வெறும் சந்து. "மாமி, இப்பப் பாருங்க."

மாமி உள்ளங்கையை விரித்து அளந்தார். "இதுல அது தாராளமா வந்துடுமேம்மா!"

"ரெண்டு நேர் கம்பி போட்டா முடிஞ்சுது" என்றார் ராசப்பன்.

"போட்டுக்குங்க. கோடு போட வேற ஆளையும் பாத்துக்குங்க." சாக்பீஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். பட்டறையும் போய், பாஸும் போனால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

மாமி அவளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "பேர் இருந்தா என்ன இப்போ? எங்காத்துக் கேட்டுல மேல பெருமாள் இருக்கார். கீழ இந்தப் பொண்ணு இருந்துட்டுப் போறா. நாய் வராம இருந்தா சரி."

ராசப்பன் சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இரண்டு வாரக் கெடு முடிகிற அன்று, விக்டர் சாரை ஸ்ரீரங்கத்துக்கே வரச் சொன்னாள். சார் கடுகடுவென்று வந்து பைக்கை நிறுத்தினார். கேட்டின் நடுவில் இருந்த தகட்டைப் படித்தார். "ராசப்பன் கிரில் பட்டறைன்னுதானே போட்டிருக்கு? வரைஞ்சது யாரு?"

அறிவுமதி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "உள்ள நிக்கற எனக்குத்தான் எழுத்து திருப்பித் தெரியறது. வெளியில நிக்கற உங்களுக்கு நேராத்தானே தெரியறது? கீழ பாருங்கோ."

குனிந்து பார்த்தார், சரியாகத் தெரியவில்லை. பேண்டை முழங்காலில் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மாமி போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ஆட்டிப் பாருங்க சார்."

ஆட்டினார். அசையவில்லை. அவள் மார்க் ஷீட்டை நீட்ட, உட்கார்ந்தபடியே தொடைமேல் வைத்து நம்பரை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்.

அவள் வாங்கிப் படித்தாள். பாஸ். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். அவள் வாயைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே.

"உங்க பேர்லயும் ரெண்டு புள்ளி இருக்கு சார். இரும்புல நிக்காது."