வியாழக்கிழமைகளில் இருமிய தெரு

சிசிலித் தலைநகரில், சீசா என்ற பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எந்த மாடியிலிருந்தோ செத்தல் மிளகாய் வறுபடும் நெடி வந்தது. மூக்கில் ஏறி, தொண்டையில் நின்று, கண்ணைக் கலக்கியது. இருமினேன். இருமி முடித்தபோது மனம் சீசாவில் இல்லை. நகரத்தின் நடுவில், கல் பாவிய அந்த ஒடுங்கிய தெருவில் நின்றது. என் உடம்பு அந்தத் தெருவை இருமலாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பி வழிவிட வேண்டிய தெரு அது. முன்னொரு காலம் செம்பும் தகரமும் தட்டியவர்கள் இருந்தார்கள் என்பார்கள். இன்றும் இருபுறமும் பாத்திரக்கடைகள்தான். பிறகு உலகப்போர் வந்தது. மேலிருந்து விழுந்த குண்டில் ஒரு பக்கத்தில் மூன்று வீடுகள் இல்லாமல் போயின. அந்தப் பொக்கைவாயில் ஓர் அத்திமரம் தானாக முளைத்தது. இருந்த ஆட்களும் லிஃப்டையும் குளியலறையையும் தேடி, நகர ஓரத்தில் எழுந்த புது மாடிகளுக்குப் போனார்கள். பிறகு நாங்கள் வந்தோம். இப்போது சக்கரம் பூட்டிய பெட்டிகள் வருகின்றன. வீடுகளெல்லாம் சுற்றுலாக்காரர் தங்கும் அறைகளாகிவிட்டன. விடிந்ததிலிருந்து கல்லின்மேல் கடகடவென்று பெட்டிகள் உருள்கின்றன.

நாங்கள் என்று சொன்னேன். அதில் முதல் ஆள் அக்கா. இரத்த உறவில்லை. அவர் மன்னார், வேதக்காரர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கணவரோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் பதினொரு வருடம் இருந்தார். முதல் நான்கு வருடம் அவர்கள் வீட்டில் ஓர் அறையில் நானும் இருந்தேன். இருவருக்கும் வேலை லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில். அவர் வயதான ஒரு சினியோராவை, அந்த வீட்டு அம்மாவை, பார்த்துக்கொண்டார். நான் வேறொரு வீட்டில் நிலம் துடைத்தேன், யன்னல் துடைத்தேன், துடைத்தபடியே மனதுக்குள் வரிகளை அடுக்கினேன்.

வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. மாதக் கடைசி வியாழனில் அக்கா கட்டடத்தின் உள்முற்றத்தில் காஸ் அடுப்பை வைத்து, பெரிய அலுமினியச் சட்டியை ஏற்றுவார். முதலில் மல்லி. அதைத் தெரு ஒன்றும் சொல்லாது, மணக்கிறது என்றுகூடச் சொல்லும். பிறகு சீரகம், பெருஞ்சீரகம். கடைசியில் இரண்டு கிலோ செத்தல். அது சட்டியில் விழுந்த ஐந்தாவது நிமிடம் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் தெருவின் அந்தலைவரைக்கும் போகும். சில மாதங்களில் தெரு பழகிக்கொண்டது. அந்த வியாழன்களில் மூன்று மணிக்கு முன்னரே பல்கனிக் கொடிகளில் உடுப்பு இராது. யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எதிரே இருந்த பாத்திரக்கடைக்காரர் ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்ப்பார்.

சொந்தக்காரர் கட்டடத்தை விற்றபோது, அதிலிருந்த எங்கள் குடும்பங்கள் சீசாவுக்கும் அங்கும் இங்குமாகக் கலைந்தன.

இந்த வருடம் வசந்தத்தில் அந்தத் தெருக்காரர் ஒரு குழு அமைத்தார்கள். தெருவின் வரலாற்றை எழுதி முகப்பில் ஒரு பலகை வைப்பது திட்டம். பொறுப்பாயிருந்தவர் ஒரு பெண், கட்டடக்கலைஞர், மென்மையாகப் பேசுகிறவர். கலியாணம், திருவிழா என்றால் எங்கள் ஆட்கள் பெரிய கிடாரம் வாங்க அந்தக் கடைகளுக்குத்தான் போவார்கள். அதைக் கண்டவர் பலகையில் தமிழும் இருக்கட்டும் என்றிருக்கிறார். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்ல, இத்தாலிய மொழியில் ஒரு பக்கத் தாள் என் கைக்கு வந்தது.

சந்தோஷத்தோடுதான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். செம்பு தட்டியவர்கள் வந்தார்கள். குண்டு விழுந்தது. அடுத்த வரி: 'அதன்பின் நீண்டகாலம் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன.' அங்கேயே பேனை நின்றுவிட்டது.

தொலைபேசியில் கேட்டேன். கட்டடக்கலைஞர் பதிவேடுகளைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த வீட்டு இலக்கத்தில் அந்த வருடங்களில் ஒருவரும் பதிவில்லை. அது உண்மை. வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விலாசம் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தாங்கள் வேலைசெய்த சினியோராவின் வீட்டு விலாசத்தைக் கொடுத்தோம். எங்களுக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. தபால் தவறாமல் வந்தது. தாளில் நாங்கள் எல்லோரும் லிபெர்த்தாவின் பளிங்குப் படிக்கட்டுக்காரர்கள். இரவில் திரும்பிப் போன தெருவில் எங்களுக்கு ஓர் எழுத்துமில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தாலியன் அப்படியே இருக்கட்டும். தமிழில் மட்டும் மாற்றி எழுதினேன்: 'அந்த ஆண்டுகளில் இந்த வீடுகளில் நாங்கள் வாழ்ந்தோம்.' வரி நன்றாக விழுந்திருப்பதாகப் பட்டது. அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மூத்த மகள் வேறு நாட்டில், லெஸ்ரர் நகரத்தில் இருக்கிறாள். கணவரும் முதலே அங்கே போய்விட்டார். பத்து நாளில் அக்காவும் புறப்படுகிறார், அங்கேயே இருந்துவிட. தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இது இத்தாலியனிலையும் இருக்கோ?"

"இல்லை அக்கா, தமிழிலை மட்டும்தான். அந்தப் பொம்பிளைக்கு வாசிக்கத் தெரியாதுதானே."

"அப்ப களவாய்."

"களவெண்டில்லை அக்கா..."

"தம்பி, நாங்கள் இருந்தது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கே ஏன் அதைத் திருப்பிச் சொல்லுறாய்? உனக்கு உந்தக் கவிதைப் பழக்கம். எழுதுறதும் நாங்கள், வாசிக்கிறதும் நாங்கள், கைதட்டுறதும் நாங்கள்."

சுட்டது. அவர் சேலையொன்றை மடித்து, அவிழ்த்து, திரும்ப மடித்தார்.

"என்ரை ரெண்டாவதைப் பெத்துக் கொண்டந்து கிடத்தினது அந்த வீட்டிலை. அது வெறும் வீடெண்டு வாறவன் போறவன் நிண்டு வாசிக்க, நான் பேசாமல் பிளேன் ஏறுறதோ? அவையளின்ரை பாஷையிலை எழுதோணும். கூட்டம் எப்ப?"

"மாசக் கடைசி வியாழன். பின்னேரம் மூண்டு மணி."

"நல்ல நாள்" என்று சிரித்தார்.

கூட்டம் எதிர்வீட்டுப் பாத்திரக்கடையின் பின்னறையில் நடந்தது. குழுவில் ஏழெட்டுப் பேர். அக்கா எழும்பி நின்று தெருவில் படித்த சிசிலிய மொழியில் பேசினார். இரண்டாம் மாடி, பதினொரு வருடம், வீடு வெறுமையாக இருக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

"சினியோரா, நான் நம்புகிறேன்" என்றார் கட்டடக்கலைஞர். "ஆனால் பலகையில் எழுத ஏதாவது ஆதாரம் வேண்டும். ஒப்பந்தம்? மின்சார பில்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மூலையில் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவர் சிசிலிய மொழியில் சொன்னது என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்தது:

"பேப்பர் என்ன பேப்பர்? நான் பதினொரு வருசம் இருமினனான். வெறும் வீடோ என்னை இருமப் பண்ணினது?"

யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"மாசக் கடைசி வியாழன் மூண்டு மணியெண்டால் என்ரை மனிசி ஓடிப்போய் உடுப்பெடுப்பாள். இண்டைக்கும் எடுத்தவள். ஏனெடி எண்டு கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்தச் சட்டி வித்ததும் நான்தான். ஆயுதம் குடுத்தவன் எண்டு என்னையும் எழுதுங்கோ."

"நல்ல ஆயுதம்" என்றார் அக்கா. "ஒரு காது கழண்டு போச்சு. மாத்தித் தாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனான்."

"கும்மாரி, நீ அதிலை வறுத்தது நரகம். எந்தக் காது நிக்கும்?"

கும்மாரி என்பது நெருங்கிப் பழகிய அயல்காரியைச் சிசிலியில் அழைக்கும் முறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டடக்கலைஞர் நிமிர்ந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர், தானும் இருமியிருப்பதாகவும் அது மூச்சுவியாதி என்று பயந்து மருத்துவரிடம் போனதாகவும் சொன்னார். கட்டடக்கலைஞர் எழுதிக்கொண்டார். பலகை அச்சுக்குப் போய்விட்டது, நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

ஒரு வாரம் செய்தி இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் "இல்லை அக்கா" என்றேன்.

புறப்படும் நாள் காலை, விமான நிலைய பஸ்ஸுக்கு அந்தத் தெரு வழியாகவே நடப்போம் என்று நின்றார். நான் பெட்டியை இழுத்தேன். எங்கள் சக்கரமும் கல்லில் கடகடவென்றது. ஒரு பல்கனியிலிருந்து வெளிநாட்டுப் பையனொருவன் தூக்கம் கலைந்த முகத்தோடு எட்டிப் பார்த்தான். கடைக்காரர் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே போய், இரண்டு காதுள்ள புதுச் சட்டியொன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். பெட்டியில் இடமில்லை. அக்கா அதை என்னிடம் தந்தார். ஒரு கையில் பெட்டியும் மறுகையில் சட்டியுமாக பஸ் தரிப்புக்குப் போனேன்.

அங்கே நிற்கும்போதுதான் தொலைபேசி அதிர்ந்தது. கட்டடக்கலைஞர் திருத்திய தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 'வெறுமையாக' என்ற சொல் இல்லை. வாசித்து, தமிழில் சொன்னேன்: "அந்த ஆண்டுகளில் தொலைவிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன. அவர்கள் மிளகாய் வறுத்த வியாழக்கிழமைகளில் தெரு தன் யன்னல்களைச் சாத்திக்கொண்டது."

அக்கா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம்.

"தொலைவெண்டால் எது? மன்னார் எண்டு போட இடமில்லையாமோ?"

"கேக்கிறன் அக்கா."

"கேள். யன்னல் கதை நல்லாயிருக்கு. அதிலை கைவைக்க விடாதை."

சாரதி பெட்டியை வாங்கி உள்ளே தள்ளினார். அக்கா இரண்டு படி ஏறி, பின்னால் நின்றவர்களை மறித்தபடி திரும்பினார்.

"பலகை பூட்டின உடனை படமெடுத்து அனுப்பு. ஒரு சொல்லு குறைஞ்சாலும் வியாழக்கிழமை வந்து நிப்பன் எண்டு சொல்லு, சட்டியை எடுத்து வை."